பெருமகனாரை யாரும் கூப்பிடவில்லை

காலையில் எழுந்ததும் பிரகாசி முதலில் கதவை எழுப்புவாள். "அலமேலு, எந்திரி. விடிஞ்சாச்சு" என்று இரண்டு முறை கூப்பிட்டால் கதவு லேசாக நெளிந்து, சோம்பல் முறித்து, திறக்கும். அடுத்தது அடுப்பு. அதன் பெயர் மாமன். "மாமா, சூடேறு" என்றதும் சிவந்துகொள்ளும்.

மதிலூரில் விடிவதே இந்தச் சத்தத்தோடுதான். வீட்டுக்கு வீடு யாராவது எதையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பால்காரர் தன் வண்டியை "கண்ணாட்டி, மெல்லப் போ தாயி" என்று கெஞ்சிக்கொண்டு போவார். எதிர்வீட்டுக்காரி தோசைக்கல்லுக்குத் தன் மாமியார் பெயரை வைத்திருந்தாள். "ஏ பொன்னுத்தாயி, இன்னும் சுடு" என்று அவள் அதட்டும்போதெல்லாம் உள்ளறையில் மாமியார் பல்லைக் கடிக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

விளியம் வந்த பிறகு உலகம் இப்படி ஆகிவிட்டது. அந்த உலோகம் உருகிக் கிடக்கும்போது ஒரு பெயரைச் சொல்லி, ஆறி இறுகும்வரை விடாமல் கூப்பிட்டால், பெயர் அதன் அணுக்களுக்குள் போய்ப் படிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி என்ன சொன்னாலும் கேட்கும். வளை என்றால் வளையும், நட என்றால் நடக்கும். கூப்பிடுவது உயிருள்ள தொண்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவு செய்த குரலுக்கு விளியம் செவிடு. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. பல வருடம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் மெல்ல மெல்ல விறைத்துக் கட்டையாகிவிடும். பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான்.

பிரகாசிக்குக் கூப்பிடுவதே உத்தியோகம். கரைநாட்டுக் கடற்படையின் முதன்மைப் போர்க்கப்பலில் அவள் விளிப்பு அதிகாரி. வெள்ளை உடுப்பு, தோளில் வெள்ளிச் சங்கு. தினமும் காலையில் கப்பலின் முன்முனையில் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பி, ஆரம்பிப்பாள்.

"கரைகாத்த பெருமகனாரே! அலைவென்ற அண்ணலே! மதில் தந்த மாமேதையே! உப்புக்கும் நன்னீருக்கும் எல்லை வகுத்த உத்தமரே..."

முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் கீழே சமையல்கட்டில் சாம்பார் கொதித்து இறக்கிவிடுவார்கள். கப்பல் அசையாது. ஓர் ஆணிகூட முனகாது. பக்கத்தில் நிற்கும் மரியாதைத் துறை அதிகாரி நல்லசிவம், "பெருமகனார் மௌனமாக ஆசி வழங்கினார்" என்று மெதுவாகச் சொல்லிக் கண்ணை ஒற்றிக்கொள்வார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போவார்கள்.

பெருமகனார் என்பவர் கரைநாட்டின் முதல் தலைவர். கடல் ஏறி ஏறி ஊர்களைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், கரை நெடுக மதில் எழுப்பி மிச்சத்தைக் காப்பாற்றியவர். அவர் இறந்தபோது ஒரே உலையில் விளியம் காய்ச்சினார்கள். அவரோடு சிறையிலும் சேற்றிலும் கிடந்த பழைய கூட்டாளிகள் உலையைச் சுற்றி நின்று, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார்கள். அந்த ஒரே உருக்கிலிருந்துதான் இந்தக் கப்பலையும், மதிலின்மேல் வரிசையாக நிற்கும் சிலைகளையும், மதிலின் கிழக்கு வாசல் கதவையும் வார்த்தார்கள். அந்த நாட்களில் கப்பல் கூப்பிட்டதும் மீன்போல வளைந்து ஓடியதாகச் சொல்வார்கள். சிலைகள் மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்குமாம்.

நம் ஆட்களுக்கு ஒரு குணம். மரியாதை வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்ததும், பெருமகனாரைப் பெயர் சொல்லி அழைப்பது ஒரு மாதிரியாகப் பட்டது. ஐயா என்றார்கள். அது போதாது என்று பட்டம் கொடுத்தார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் வந்தவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பட்டம் சேர்த்தார்கள். பிறகு சட்டம் வந்தது. அவர் பெயரை எழுதுவதும் சொல்வதும் குற்றம். பாடப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் புதிதாக அச்சடித்தார்கள். கல்வெட்டுகளில் பெயர் இருந்த இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தாமரைப்பூ பொறித்தார்கள். இப்போது கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பட்டங்கள் முன்முனையில் தொடங்கி, பின்புறம் சுற்றி, மறுபடியும் முன்முனைக்கே வந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

பெயர் என்ன என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. அது ஒரு குறையாகவும் யாருக்கும் தோன்றவில்லை.

கப்பலை வருடத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்பார்கள், பெருமகனாரின் பிறந்தநாளுக்கு. கிளி, மைனா என்று இரண்டு இழுவைப் படகுகள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக, பூவும் தோரணமுமாகக் கப்பல் மதிலைச் சுற்றி வரும். தேர் இழுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அந்த வருடமும் அப்படித்தான் கிளம்பினார்கள்.

கிழக்கு வாசலைத் தாண்டும் இடத்தில் பிரகாசி எப்போதும் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். இந்த முறை முடியவில்லை. மதிலுக்கு வெளியே, கல்லுக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் மணல் துண்டில், அந்தக் குடியிருப்பு அப்படியே இருந்தது. புறமதில் என்று அதற்குப் பெயர். மதில் கட்டியபோது கோடு கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்விட்டதால் வெளியே நின்றுபோன சனம். வாசல் வைத்துக் கொடுக்கிறோம் என்றார்கள். வைத்தும் கொடுத்தார்கள். அந்த வாசல் கதவு பெருமகனாரின் உருக்கு. விறைத்து மூடிக்கொண்டு தலைமுறை கடந்துவிட்டது. உள்ளே வர வேண்டுமென்றால் படகில் துறைமுகத்தைச் சுற்றித்தான் வர வேண்டும்.

பிரகாசி அங்கே பிறந்தவள். கடற்படையில் யாருக்கும் தெரியாது. படிக்க வந்தவள், மதிலூரில் இருந்த தன் ஞானஸ்நானத் தாயின் வீட்டு முகவரியைக் கொடுத்தாள், அதுவே நிலைத்துவிட்டது. புறமதில்காரியை விளிப்பு அதிகாரியாக விடமாட்டார்கள். அவள் அக்கா மதலேன் இன்னும் அங்கேதான் இருந்தாள். மணலில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த உருவம் அவளாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கண் தன்னைத் தேடுகிறதா, வெறுமனே தோரணத்தைப் பார்க்கிறதா என்று பிரகாசிக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கொண்டல் காற்று எழுந்தது. கிழக்கே கடல் முழுவதும் ஒரு சாம்பல் நிறத் துணியை உதறுகிற மாதிரி எழுந்து விழுந்தது. முதலில் மைனாவின் கயிறு அறுந்தது. தனியே தாக்குப் பிடிக்க முடியாமல் கிளியின் கயிறும் போயிற்று. கப்பல் மெல்ல, ஒரு தூக்கத்தில் புரள்வதுபோல, பக்கவாட்டில் திரும்பிக் கரையை நோக்கிப் போக ஆரம்பித்தது.

கப்பல்தலைவர் சொர்ணவேல் ஓய்வு பெற இருப்பவர், எதற்கும் பதறமாட்டார். "பயப்படாதீங்க. மதில்ல போயி ஒதுங்கும். மதிலுக்கு ஒண்ணும் ஆகாது. கப்பலுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

"நடுவுல சனம் இருக்கே, ஐயா" என்றாள் பிரகாசி.

சொர்ணவேல் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. மணல்மேட்டில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடுவதற்கு இடம் இல்லை. பின்னால் மதில். முன்னால் பெருமகனார் வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் பேர் கிழக்கு வாசல் கதவில் போய்க் கையால் அடித்தார்கள். கதவு காது கேட்காததுபோல நின்றது.

"கூப்பிடுங்கம்மா!" என்றார் சொர்ணவேல். முதன்முறையாக அவர் குரல் உடைந்தது. "நீங்க விளிப்பு அதிகாரியில்லையா, கூப்பிடுங்க!"

பிரகாசி முன்முனைக்கு ஓடிக் கத்தினாள். "கரைகாத்த பெருமகனாரே, திரும்புங்கள்!"

"பட்டத்தைக் குறைக்கக் கூடாது" என்றார் நல்லசிவம், கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டே. "முழுசாச் சொன்னாத்தான் மரியாதை. அலைவென்ற அண்ணலே... சொல்லுங்க, நானும் சேர்ந்து சொல்றேன். மதில் தந்த மாமேதையே..."

அவர் நல்ல மனிதர்தான். உண்மையிலேயே கண்ணீரோடு சொன்னார். ஆனால் உப்புக்கும் நன்னீருக்கும் எல்லை வகுப்பதற்குள் கப்பல் பாதித் தூரம் போய்விட்டது. அக்காவின் சேலை நிறம்கூடத் தெரிந்தது. மஞ்சள். பிரகாசி கைப்பிடிக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள். இயலாமையில் வாயிலிருந்து தானாக ஒன்று வந்தது. புறமதிலில் கால் இடறினால், சட்டி உடைந்தால், அலை வீட்டுக்குள் புகுந்தால் எல்லோரும் சொல்வது. அவளும் சின்ன வயதில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். உள்ளே வந்த பிறகு பல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"குப்பமுத்து, நீ நாசமாப் போவ..."

கம்பி சூடானது.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். சூடு இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இல்லை; தூங்கி எழுந்த பிள்ளையின் கன்னம் மாதிரி. காலுக்குக் கீழே கப்பல் முழுவதும் ஒரு சின்ன நடுக்கம் ஓடிற்று. கூட்டத்துக்குள் யாரோ தன் பெயரைச் சொன்ன மாதிரி இருந்து, ஒரு ஆள் சட்டென்று நிற்பானே, அப்படி ஒரு நடுக்கம்.

பிரகாசிக்குப் புரிந்துவிட்டது. புறமதிலில் அதை யாரும் ஒரு பெயர் என்று நினைத்ததில்லை. அது ஒரு வசவு. ஆனால் முதலில் மதிலுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள், தங்களைத் தள்ளியவரைப் பார்த்து, பெயர் சொல்லித்தான் திட்டியிருப்பார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும். நாடு முழுவதும் கைகூப்பிக் கைகூப்பி மறந்துபோன பெயரை, அந்த மணல் துண்டு மட்டும் வைது வைது காப்பாற்றி வைத்திருந்தது. வாசல் கதவைப் பார்த்து அதைச் சொல்லி, திற என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை.

சத்தமாகச் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். வெள்ளிச் சங்கு போய்விடும். பெயரைச் சொன்ன குற்றத்துக்குச் சிறை. எந்த ஊர்க்காரி என்பதும் அந்த ஒரு வார்த்தையிலேயே வெளிப்பட்டுவிடும். இத்தனையையும் அவள் நினைத்தாள் என்று சொல்ல முடியாது. மஞ்சள் சேலை கதவில் கைவைத்து நின்றதைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஏ குப்பமுத்து!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "திரும்புல! தெக்க திரும்புல, குப்பமுத்து!"

கப்பல் திரும்பியது. அந்தப் பெரிய உடம்பு நடுவில் வளைந்தது. பட்டங்கள் எழுதிய வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்து கடலில் விழுந்தது. மணலை உரசினாற்போல் வந்து, அலையை வாலால் அடிப்பதுபோல அடித்து, தெற்கே விலகியது. காற்று கரைப்பக்கம் அடித்ததால் அவள் குரல் மதில்வரைக்கும் போயிற்று. மதிலின்மேல் வரிசையாக நின்ற சிலைகள் எல்லாம் தலையைத் திருப்பின. எத்தனையோ வருடமாக உயர்த்திய கையோடு நின்ற ஒரு சிலை, கை வலித்ததுபோல அதை மெல்லக் கீழே இறக்கியது.

"குப்பமுத்து, கதவத் தெற!"

கிழக்கு வாசல் திறந்தது. கூடவே கப்பலில் இருந்த எல்லாக் கதவுகளும், அலமாரிகளும், சமையல்கட்டின் அரிசிப் பெட்டியும் திறந்துகொண்டன. யாரும் கவலைப்படவில்லை. புறமதில் சனம் வாசலுக்குள் ஓடிற்று. ஒரு மஞ்சள் சேலை மட்டும் வாசலிலேயே நின்று கப்பலைத் திரும்பிப் பார்த்தது. பிரகாசி உட்கார்ந்து அழுதாள்.

கடல் அடங்கிய பிறகு நல்லசிவம் பக்கத்தில் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அது... அவரு பேரா?"

"அவரு பேருதான்."

"பெருமகனாருக்கு இப்படி ஒரு பேரா? குப்..." பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க ஊருல இன்னைக்கும் வைப்பாங்க, ஐயா. முன்னப் பொறந்த பிள்ளைங்க தங்காம போயிட்டா, அடுத்த பிள்ளைக்கு இப்படித்தான் பேரு வைப்பாங்க. குப்பையில கிடந்ததுன்னு எமன் நெனைச்சுட்டுப் போகட்டும்னு. எந்தத் தாயோ, பிள்ளை பிழைக்கணும்னு வச்ச பேரு."

நல்லசிவம் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிறகு வேலை ஞாபகம் வந்து அவளைக் கைது செய்தார்.

ஆனால் வழக்கு நிற்கவில்லை. குற்றப் பத்திரிகையில் அவள் என்ன சொன்னாள் என்று எழுத வேண்டும். எழுதினால் எழுதியவர் குற்றவாளி. சாட்சி அதைச் சொன்னால் சாட்சி குற்றவாளி. நீதிபதி இன்னதென்று கேட்டால் அவரும் உள்ளே போக வேண்டியதுதான். சட்டம் போட்ட நாளிலிருந்து ஒருவரைக்கூட இதில் தண்டிக்காததன் காரணம் அன்றுதான் நாட்டுக்குத் தெரிந்தது. கப்பலில் இருந்த அத்தனை பேரும், சொர்ணவேல் உட்பட, "காத்துல சரியாக் கேக்கலை" என்றார்கள். கேட்டும் கேட்காமல் இருப்பதே மரியாதை என்று அவர்களுக்கு மனப்பூர்வமாகத் தோன்றியது.

தண்டிக்க முடியாதவர்களை என்ன செய்வது? பாராட்டுவதுதான். போர்க்கப்பல் திரும்ப ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் நாடு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவளுக்குக் குரலன்னை என்று பட்டம் கொடுத்தார்கள். அவள் தினமும் காலையில் கப்பலைக் கூப்பிடுவதற்காக முன்முனையில் ஒரு கண்ணாடிக் கூண்டு கட்டினார்கள். சத்தம் கப்பலின் தரைக்குள் இறங்கும், வெளியே யாருக்கும் கேட்காது. "இந்தப் பேரை நாலு பேருக்காவது சொல்லித் தாரேன், எனக்குப் பெறகு வேணுமே" என்று அவள் கேட்டபோது நல்லசிவம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்து அவளுக்கே ஒரு கப்பல் வந்தது. குரலன்னை என்ற புதிய போர்க்கப்பல், கூடவே ஒரு சிலை. சிலையைப் புறமதிலிலேயே, பெருமகனாரின் கப்பல் திரும்பிய இடத்திலேயே வைக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னார்கள். தன் ஊருக்கு ஒரு பெருமை என்று நினைத்துப் பிரகாசி தலையாட்டினாள். வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். சிலையைச் சுற்றிப் பச்சை நிறத்தில் பூங்கா இருந்தது. அந்தப் பச்சை எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உருக்கு காய்ச்சிய நாளில், பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டியிருந்தது. யாரும் முன்வரவில்லை. குரலன்னையைப் போய் எப்படிப் பெயர் சொல்லி... கடைசியில் பிரகாசியே உலைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "பிரகாசி... பிரகாசி..." என்று தன்னைத் தானே, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். உலைக்குள் அந்தச் சிவப்பு வெளிச்சம் ஒவ்வொரு முறையும் சற்றுத் திரும்பிப் பார்ப்பதுபோலிருந்தது. தான் எங்கேயோ தொலைந்துபோய், தானே தேடி வந்த மாதிரி அவளுக்கு ஒரு மயக்கம். உருக்கு ஆறியபோது அவளுக்குக் குரல் இல்லை.

அதற்குப் பிறகு அவள் பெயரை எங்கேயும் கேட்கவில்லை. அலுவலகத்தில் அன்னை. கடையில் அம்மா. எதிர்வீட்டுக்காரி, ஒருகாலத்தில் "ஏ பிரகாசி, மோர் இருக்கா?" என்று சன்னல் வழியாகக் கேட்டவள், இப்போது கும்பிட்டுவிட்டுப் போனாள். புதிய கப்பலின் வெள்ளோட்டத்துக்குப் போனபோது இளம் விளிப்பு அதிகாரிகள் கைகூப்பி நின்று, "குரலன்னையே, புறப்படுங்கள்" என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் அப்படியே நின்றது.

"பேரச் சொல்லுங்க" என்றாள் பிரகாசி.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி தயங்கிச் சொன்னாள்: "நீங்க எங்களுக்குத் தாய் மாதிரி. உங்க பேரை எப்படிம்மா வாயால சொல்றது?"

"பிரகாசி. நாலே எழுத்து. சொல்லிப் பாரும்மா."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. பயத்தில் இல்லை, அன்பில். அவளைத் திட்டவும் முடியவில்லை. பிரகாசி உடுப்பை மாற்றாமல் அப்படியே கிளம்பி நடந்தாள். மதிலோரமாக, சிலைகளுக்குக் கீழே. குப்பமுத்து குப்பமுத்தாக ஆயிரம் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. "குப்பமுத்து" என்று ஒவ்வொரு சிலையிடமும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பக் கடலைப் பார்த்தன.

கிழக்கு வாசல் திறந்தேதான் இருந்தது. புறமதில் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் அதில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கதவத் தெறந்தது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"பெருமகனார்" என்றன பிள்ளைகள், ஒரே குரலில், மரியாதையாக.

வாசல் திறந்த பிறகு திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. நன்றி வந்துவிட்டது. அந்தப் பெயர் இங்கேயும் செத்துக்கொண்டிருந்தது.

மணலில் இறங்கியவள் நின்றுவிட்டாள். வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. ஓலையும் தகரமும் பிரித்து அடுக்கியிருந்தார்கள். சட்டி பானையைப் படகுகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில், அவள் பிறந்த வீடு இருந்த இடத்தில், ஒரு கல்மேடை. மேடையில் வெள்ளைத் துணி போர்த்திய உயரமான உருவம். திறப்பு விழாவுக்குக் காத்திருந்தது. வரைபடத்தில் பச்சையாக இருந்தது இதுதான்.

மதலேன் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தங்கச்சியைப் பார்க்கவில்லை. மேடையின் விளிம்பில் கால் விரல் இடித்தது. குடம் விழுந்தது.

"ஏ பிரகாசி!" என்று மதலேன் கத்தினாள். "நீ நாசமாப் போவட்டீ!"

வெள்ளைத் துணிக்குள் ஒரு தலை திரும்பியது. அதே நேரம் பிரகாசியும் திரும்பினாள். தன் பெயரைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. அந்த வசவு அவள் காதில் தேனாக விழுந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் அப்படித்தான் விழுந்தது.

"என்னக்கா" என்றாள்.

மதலேன் அவளைப் பார்த்தாள். வெள்ளை உடுப்பை மேலும் கீழும் பார்த்தாள். முகம் இறுகிக்கொண்டது.

"வந்துட்டியா. அன்னைக்கு உன் சத்தம் கேட்டப்ப என் தங்கச்சின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப பாரு. அந்தக் குப்பமுத்து வெளியதான் தள்ளுனான். நீ கடல்லயே தள்ளிட்டியேட்டி."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா, கேக்கலையா?"

பிரகாசி தலை குனிந்தாள். "கேக்கலை" என்றாள்.

அலை வந்து குடத்தை உருட்டிக்கொண்டு போயிற்று. பிறகு பிரகாசி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, திருப்பி ஒரு தடவ திட்டு. பேரச் சொல்லித் திட்டு. திட்டிட்டு, எங்க எடத்த விட்டு எறங்குன்னு சொல்லு."

"உன்னையா?"

"அதை." துணி போர்த்திய உருவத்தைக் காட்டினாள். "நான் சொன்னாலும் கேக்கும். ஆனா அது உங்க பேச்சைக் கேக்கணும்."

மதலேன் அந்த உருவத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். மற்றவர்களும் படகுகளை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"ஏ பிரகாசி!" என்றாள் மதலேன். முதலில் மெதுவாகத்தான் வந்தது. அப்புறம் பழக்கம் வந்துவிட்டது. "எங்க வயித்துல அடிச்சவளே! எங்க எடத்த விட்டு எறங்குட்டி! கடலுக்குள்ள போட்டி!"

சிலை ஒரு காலை எடுத்து மணலில் வைத்தது. இன்னொரு காலையும் வைத்தது. போர்த்திய துணி தலையில் முக்காடாக நிற்க, யாரையும் மிதித்துவிடாமல், பிரித்துப் போட்ட கூரைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து நடந்தது. கடலுக்குள் இறங்கியது. அலை இடுப்பளவு வந்தது, தோளளவு வந்தது. துணி மட்டும் விடுபட்டு, ஒரு பெரிய வெள்ளைத் திருக்கை மீன் மாதிரி நீரின் மேல் மிதந்து போயிற்று. பிள்ளைகள் கைதட்டின.

மேடை காலியாக நின்றது. ஒரு கிழவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வலையைப் பிரிக்க ஆரம்பித்தார். படகில் ஏற்றிய பானைகளைச் சிலர் இறக்கினார்கள்.

மதிலூரில் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கடல் புகுந்து கரை காக்கும் குரலன்னை என்று பட்டத்தை நீட்டினார்கள். குரலன்னை தாமாக எழுந்தருளிய இடம் கடல்தான் என்று நல்லசிவம் விளக்கம் கொடுத்தார். சிலையே கடலுக்குள் போய்விட்டதால் கரையில் யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை என்று பூங்காத் திட்டத்தை நிறுத்தினார்கள். புதிய கப்பலுக்குப் பூச்சூட்டி, கிளியையும் மைனாவையும் கட்டி இழுத்தார்கள்.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது மதலேன் வாசல்வரைக்கும் வந்தாள்.

"நாளைக்கும் திட்டணுமாட்டி?"

"தெனமும் திட்டுங்கக்கா. அவரையும் திட்டுங்க, என்னையும் திட்டுங்க. பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

"இப்ப எங்களுக்கு உன்மேல கோவம் இல்லியே. எப்படித் திட்ட?"

பிரகாசிக்குப் பயமாக இருந்தது. அக்காவின் முகத்தில் அவள் அதைப் பார்த்துவிட்டாள், அந்த இளம் அதிகாரியின் கண்ணில் பார்த்ததை. ஈரமாக, அன்பாக, கை இரண்டும் கூப்புவதற்குத் தயாராக.

"கும்பிட்டிராதக்கா" என்றாள். "உன் கால்ல விழுறேன், கும்பிட்டு மட்டும் இராத."

மதலேன் கையைக் கீழே போட்டாள்.

"சரி, போடி பிரகாசி, கழுத" என்றாள்.

கரைக்கு அப்பால், தண்ணீருக்கு அடியில், ஏதோ ஒன்று திரும்பிப் பார்த்ததில் அலை ஒன்று சற்றுத் தாமதமாக வந்து மணலில் விழுந்தது.